புது லீவர் ரைஃபிள்: கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பதில்

ஏப்ரல் 2024, டாலஸ் அருகே

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஸ்மித் அண்ட் வெஸன் துப்பாக்கி கம்பெனி 2024 ஜனவரியில் ‘மாடல் 1854’ லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளை வெளியிட்ட நாளிலிருந்து கடை ஃபோன் ஓயவில்லை. பாதிப் பேர் “அண்ணா, வாங்கலாமா?” என்று கேட்கிறார்கள். மீதிப் பேருக்கு வாங்கும் எண்ணமே இல்லை, திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். விசைக்குக் கீழே இருக்கும் லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா சுடத் தயாராகும், அதுதான் லீவர் ரைஃபிள். தோட்டா .44 மேக்னம்; வெளிவந்தபோது வேறு அளவு இல்லை. உடல், குழல் இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குழல் 19.25 அங்குலம், முனையில் சப்ரஸர் (சத்தம் குறைக்கும் குழாய்) மாட்ட மரை போட்டிருக்கிறது. தோளில் வைக்கும் கட்டை கறுப்பு பாலிமர் (பிளாஸ்டிக்), முன்பிடியில் விளக்கு போன்றவை மாட்ட எம்-லாக் துளைகள், மேலே ஸ்கோப் வைக்க ரெயில். கையுறையோடு விரல் நுழையும்படி பெரிய வளைய லீவர். 2024-ல் வெளிவந்தபோது பட்டியல் விலை 1,279 டாலர்.

பெயரில் இருக்கும் 1854-ஐப் பற்றிப் பலர் கேட்டார்கள். ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸனும் லீவர் இழுத்துச் சுடும் கைத்துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கிய வருஷம் அது. அந்தத் துப்பாக்கி ஓடவில்லை. குண்டின் அடிப்பகுதியைக் குடைந்து அதற்குள்ளேயே மருந்தை அடைத்திருந்தார்கள். அவ்வளவு சிறிய குழியில் எவ்வளவு மருந்து போட முடியும்? சுட்டால் குண்டில் வேகமே இல்லை. கம்பெனி கைமாறிக் கைமாறிக் கடைசியில் சட்டை தைத்து விற்றுக்கொண்டிருந்த ஆலிவர் வின்செஸ்டர் கைக்குப் போனது. அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி, உலோகக் கூடு கொண்ட தோட்டாவுக்கு ஏற்ற மாதிரி அதை மாற்றி 1860-ல் காப்புரிமை வாங்கினார். ஹென்றி ரைஃபிள், அப்புறம் வின்செஸ்டர் 1866, 1873 எல்லாம் அந்த வழி வந்தவைதான். ஸ்மித்தும் வெஸனும் ரிவால்வர் பக்கம் போய்ப் பெரிய ஆளானார்கள். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். 170 வருஷம் கழித்துப் பழைய வயலுக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

சரி, சண்டைக்கு வருவோம்.

பெரிய சண்டை கட்டையைப் பற்றித்தான். “மரக்கட்டை இல்லாத லீவர் ரைஃபிள் திருநீறு பூசாத சாமியார் மாதிரி” என்றார் ஒருவர். சிரித்துவிட்டேன், ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்த ரகத்தை விரும்புகிறவர்களில் பாதிப் பேருக்கு அதன் அழகே வால்நட் மரமும் நீலம் ஏற்றிய இரும்பும்தான். அவர்களுக்காக 2024-ல் மர வேலைப்பாட்டோடு ஒரு லிமிடெட் எடிஷன் வந்தது: மொத்தமே 1,854 துப்பாக்கிகள், அப்போது ஒன்று 3,499 டாலர். அந்த விலையைச் சொன்னதும் சண்டை இன்னும் கொஞ்சம் ஏறுகிறது.

எதிர்க் கட்சி, வயலில் காட்டுப்பன்றி விரட்டுகிறவர்கள். மழை, சேறு, பிக்கப் வண்டியின் பின்பக்கம் கிடந்து உருளுவது, இதற்கெல்லாம் பாலிமரும் ஸ்டெயின்லெஸ்ஸும்தான் லாயக்கு என்பார்கள். நான் இவர்கள் பக்கம். மரம் வேண்டுமென்றால் ருகர் கம்பெனி 2023-ல் மீண்டும் கொண்டுவந்த மார்லின் 1894 கிளாசிக் இருக்கிறது, அதுவும் .44 மேக்னம்தான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மனசு தானாகச் சொல்லிவிடும்.

அடுத்தது, சுத்திக்கு (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பாகம்) பக்கத்தில் குறுக்கே தள்ளும் சேஃப்டி பித்தான். பழைய ரசிகர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது. பழைய வின்செஸ்டர் 94-ல் சுத்தியைப் பாதி இழுத்து அரைக்கொக்கியில் நிறுத்தியே தாத்தா காலத்தை ஓட்டிவிட்டார்கள், இப்போது எதற்கு இது என்கிறார்கள். ஹென்றி பிக் பாய் என்ற இன்னொரு லீவர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறார்கள். அதில் விசையை இழுத்தால்தான் சுத்தியின் அடி தோட்டாவுக்குப் போகும்படி உள்ளேயே டிரான்ஸ்ஃபர் பார் இருப்பதால் வெளியே பித்தான் கிடையாது. எனக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. பிடிக்காதவர்கள் தொடாமல் விட்டுவிடலாம்.

இதையெல்லாம் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் போகிறார்கள். பல பழைய ரைஃபிள்களில் குழல் மேகசினுக்குள் (குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) ஏற்றிய தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் லீவரைத் திரும்பத் திரும்ப இழுத்து ஒவ்வொன்றையும் சுடும் அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) அனுப்பி எடுக்க வேண்டும். ஒன்பது தோட்டா என்றால் ஒன்பது தடவை உயிருள்ள தோட்டா சுத்திக்கு முன்னால் போய் நின்று வருகிறது. சாயங்காலம் களைத்துப்போய் வண்டிக்குத் திரும்பும்போது, கை குளிரில் விறைத்திருக்கும்போது, அந்த வேலை எனக்குப் பிடித்ததே இல்லை. 1854-ல் உள்குழாயைத் திருகி உருவிவிட்டு, முனையைச் சாய்த்தால் தோட்டாக்கள் உள்ளங்கையில் வந்து விழுகின்றன. அதற்குப் பிறகும் அறையில் ஒன்று இருக்கலாம். லீவரைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு வசதிக்கே பாதி விலையைக் கொடுக்கலாம்.

லீவரின் ஓட்டம் எப்படி? போன சனிக்கிழமை ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார், எழுபது வயதுக்கு மேல், முப்பது வருஷமாக மான் வேட்டைக்காரர். பிளாஸ்டிக் என்று முகம் சுளித்தபடியே கையில் வாங்கினார். அறை காலி என்று பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு லீவரை மெதுவாக, மிக மெதுவாக, கீழே இறக்கினார். எங்காவது தட்டுகிறதா, மண் நெறிப்பது போல உரசுகிறதா என்று விரலால் கேட்கிற மாதிரி இருந்தது. மூன்று முறை செய்தார். கண்ணைத் திறந்து, “உள்ளே நல்ல ஆள், வெளியே சட்டைதான் சரியில்லை” என்றார். வாங்கவில்லை. ஆனால் நேற்று ஃபோன் செய்து, மரக்கட்டை தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்தார்.

தோட்டா பற்றி ஒரு வார்த்தை. ரிவால்வரில் நொடிக்கு 1,200 முதல் 1,400 அடி வேகத்தில் போகிற 240 கிரெய்ன் எடையுள்ள குண்டு, இந்த நீளக் குழலில் 1,700 அடியைத் தொடும். நூறு கெஜத்துக்குள் மானுக்கும் பன்றிக்கும் தாராளம். இருநூறு கெஜம் சுட வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து வேறு தோட்டா பாருங்கள். குழல் மேகசினில் ஒரு குண்டின் முனை அடுத்த தோட்டாவின் பிரைமரில் (அடித்தால் பற்றிக்கொள்ளும் அடிப்பொட்டு) முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் தட்டை முனைக் குண்டு, அல்லது லீவர் துப்பாக்கிக்கென்றே செய்த மென்முனைக் குண்டு மட்டும்தான். கூர்முனைக் குண்டு கூடவே கூடாது.

விசாவைப் பற்றிக் கேட்ட தம்பிகளுக்கு: எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. இதில் ஒரு வேடிக்கை. டெக்ஸாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட 2019-லிருந்து லைசென்ஸே தேவையில்லை. ஆனால் அதற்கான துப்பாக்கியை நீங்கள் வாங்க லைசென்ஸ் வேண்டும்! மாநில லைசென்ஸ் பெரும்பாலும் ஆகஸ்ட் 31-ல் முடியும். புதுப்பிக்க மறந்தால், வீட்டில் துப்பாக்கி இருப்பதே குற்றமாகிவிடும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. யாராக இருந்தாலும், துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் உண்மையை எழுதுங்கள். அதில் நான் யாருக்கும் ‘அட்ஜஸ்ட்’ செய்து தர மாட்டேன், கேட்டும் சங்கடப்படுத்தாதீர்கள்.

விலை விஷயம். சரக்கு குறைவாக இருப்பதால் சில இடங்களில் பட்டியல் விலைக்கு மேல் கேட்கிறார்கள் என்று சொல்கிறீர்கள். நம் கடையில் பட்டியல் விலைதான். அவசரம் இல்லாதவர்கள் பொறுங்கள். 

இப்போது கையில் இரண்டு இருக்கின்றன. ஒன்றை விற்பதில்லை, நீங்கள் எடுத்துப் பார்ப்பதற்காகக் கவுன்டரில் வைத்திருக்கிறேன். வரும்போது சொந்தத் தோட்டா கொண்டுவராதீர்கள். லோடிங் கேட்டில் (தோட்டா ஏற்றும் பக்கவாட்டுத் திறப்பு) விரல் எப்படிப் போகிறது என்று பார்க்க டம்மி தோட்டா ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்