மூதாதையர் ஊரா, காணி உள்ள ஊரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி பிறந்தால் மட்டக்களப்பில் ஒளிவிழாவுக்கான இயேசு பிறப்பு நாடக ஒத்திகைகள் களைகட்டும். முதற் காட்சியில் உரோமைச் சிப்பாய் குடிக்கணக்குக் கட்டளைச் சுருளை விரித்து, 'எல்லோரும் மூதாதையர் ஊருக்குப் போய்ப் பதிய வேண்டும்' என்பான். இந்தக் கதையை எழுதிய நற்செய்தியாளர் லூக்கா அப்படிச் சொல்லவில்லை. மக்கள் 'அவரவர் ஊருக்கு'ப் போனார்கள் என்கிறார். தாவீதின் குலம் என்பது, யோசேப்பு தாவீதின் ஊரான பெத்லகேமுக்குப் போனதற்கு மட்டும் சொன்ன காரணம்.

மாகாணங்களில் உரோமையர் ஆளை எண்ணியது முக்கியமாக வரிக்காக. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பாட்டனின் ஊர் வரிக்காரனுக்கு எதற்கு?

கி.பி. 104இல் எகிப்தின் ஆளுநர் விபியுஸ் மாக்சிமுஸ் இட்ட கட்டளை பப்பிரசு என்ற நாணல் தாளில் கிடைத்திருக்கிறது. வெளியூரில் தங்கியிருப்போர் சொந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அலெக்சாந்திரியாவில் நிற்கத் தக்க காரணமுள்ளவர் ஓர் அதிகாரியிடம் பதிந்துவிட்டு நிற்கலாம். வரிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுவது எகிப்தில் வழக்கம். அங்கு 14 ஆண்டுக்கொரு முறை வீட்டுக்கணக்கு. வீட்டில் யாருக்கு எத்தனை பங்கு, குடியிருப்போரின் பெயர், உறவு, வயது, உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் எழுதி, பேரரசர் பேரால் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். ஆண்பிள்ளைக்கு 14 வயதானால் தலைவரி. எனவே வயதில்தான் சிக்கல். ஆளை மறைத்தால் சொத்தில் காற்பங்கு போய்விடும்.

காணி வேறூரில் இருந்தால்? கி.பி. 127இல் சாக்கடலோரத்து மவோசா ஊர்ப் பெண் பாபத்தா, தன் பேரீச்சந்தோட்டங்களைப் பதிய, சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த ரபாத் நகருக்குப் போனாள். தோட்டத்தின் பரப்பை அதில் விதைக்கக்கூடிய வாற்கோதுமையின் அளவால் எழுதினார்கள், நம்மவர் வயலை அவணம் விதைப்பென்று அளந்த மாதிரி.

லூக்கா குறிப்பிடும் சிரியா ஆளுநர் குரேனியு கி.பி. 6இல் கணக்கெடுத்தது, பெத்லகேம் இருக்கும் யூதேயாவை. யோசேப்பு குடியிருந்த நாசரேத்து கலிலேயாவில் உள்ளது; அது அப்போது உள்ளூர் ஆட்சியாளன் ஏரோது அந்திப்பாவின் கையில் இருந்தது. யூதேயாவில் காணி இல்லாத கலிலேயனுக்கு அங்கே போக வேலையில்லை. பெத்லகேமில் யோசேப்புக்குக் காணிப் பங்கு இருந்திருக்கலாம் என்ற ஊகம் இதனால்தான் பொருந்துகிறது. இயேசு பிறந்தது அந்திப்பாவின் தந்தை பெரிய ஏரோதின் காலத்தில் என்கிறது மத்தேயு நற்செய்தி; அவன் கி.மு. 4இலேயே இறந்துவிட்டதால் ஆண்டுக்கணக்கு இடிக்கிறது என்பது உண்மை. அதை மேடையில் தீர்க்க முடியாது.

ஆனால் சிப்பாயின் வசனத்தை 'அவரவர் ஊரில் ஆளையும் காணியையும் பதியுங்கள்' என்று மாற்றலாம். பக்கத்தில் ஒரு எழுத்தரை இருத்தி, வருபவரிடம் பெயர், வயது, தழும்பு, காணிப் பங்கு என்று கேட்கவும் வைக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு இன்னொருவர் எழுதிக் கொடுக்கட்டும்; பாபத்தாவுக்கும் அப்படித்தான் எழுதினார்கள்.

இப்படிக்கு,
விவிலிய வரலாற்று ஆர்வலர்கள்,
மட்டக்களப்பு