ஒப்பந்தத்தின் ஏழாம் பத்தியை மட்டுமாவது படித்துவிடு

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்ததை வாத்தியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும், மன்னித்துவிடு. இப்போது அவர்களால் படிக்க முடிகிறதா? இங்கே எல்லோரும் நலம். சின்னவள் உன்னைப் போலவே கணக்கில் புலி, கையெழுத்தும் உன்னுடையதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை அந்தக் கூட்டம் நடந்தேவிட்டது. குடிநீர் வாரியம், வனத்துறை, வேளாண்மைத் துறை, மேட்டு ஊர்களின் சங்கம், பணம் தரும் இரண்டு அறக்கட்டளைகள் என எல்லோரும் ஒரே மேஜையில். நான்கு வருஷம் ஆயிற்று இதற்கு. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு ஒரே திட்டம், ஒரே பொது நிதி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நம்ப முடியவில்லை.

அங்கே நடந்த ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு துறையும் தன் தன் வரைபடத்தோடு வந்திருந்தது. எல்லாவற்றையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். வனத்துறையின் வரைபடம் காட்டின் விளிம்போடு முடிகிறது. வேளாண்மைத் துறையுடையது முதல் வயலின் வரப்பில் தொடங்குகிறது. நடுவில் அந்த ஓடைச் சரிவு இருக்கிறதே, நாம் மூவரும் சறுக்கி விழுந்த இடம், அது யாருடைய தாளிலும் இல்லை! வண்டலில் பெரும்பகுதி வருவதோ அங்கிருந்துதான். மழை பெய்தால் சரிவு அறுத்துக்கொண்டு இறங்குகிறது, கீழே நீரேற்று நிலையத்தில் தண்ணீர் சேறாக வருகிறது. கலங்கல் ஏற ஏறப் படிகாரமும் கூடுதலாகப் போட வேண்டும், குளோரினும் கூடுதலாகப் போட வேண்டும். அந்தச் செலவு வாரியத்தின் கணக்கில் விழுகிறது. சரிவைக் கட்டிக் காக்கும் செலவுக்கோ ஒருவர் கணக்கிலும் இடமில்லை. கூட்டாகச் செய்ய வேண்டும் என்று நான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

இந்த இடத்தைக் கண்டுபிடித்தது அறிக்கை எழுதிய நிபுணர்கள் இல்லை. அளவுகோல் பார்க்கிறாரே, நம்ம பெரியவர், அவர்தான். தினமும் காலை ஆறு மணிக்கு நீர்மட்டத்தைக் குறிக்கிறார், ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், நோட்டில் எழுதுகிறார். பதினொரு வருஷ நோட்டுகள். ஓரத்தில் பென்சிலால் 'மேற்குச் சரிவில் மழை, அரை மணியில் கலங்கல்' என்று திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறார். அதைக் கூட்டத்தில் வாசித்தேன். அறை அமைதியாகிவிட்டது.

அவருடைய சம்பளம் ஒரு அறக்கட்டளையின் மூன்று வருஷத் திட்டத்திலிருந்து வருகிறது. மார்ச்சோடு முடிகிறது. தடுப்பணை கட்டப் பணம் கேட்டால் கிடைக்கிறது, பெயர்ப்பலகை வைக்கலாம், படம் எடுக்கலாம். அதே தடுப்பணையில் வண்டல் நிரம்பியதும் தூர்வார வேண்டும், அளக்க ஆள் வேண்டும் என்று கேட்டுப் பார், 'அது எங்கள் தலைப்பில் வராது' என்பார்கள். ஒரே வேலைக்கு இவர்களுக்கு ஒரு படிவம், அவர்களுக்கு ஒரு படிவம் என்று மாதத்தில் பாதி நாள் அறிக்கையிலேயே போய்விடுகிறது. எனக்கு இதில் கோபம்தான், மறைக்க மாட்டேன். ஆறு மூன்று வருஷத்தில் பதில் சொல்லாது. மண்ணில் இறங்கிய உரச்சத்து நிலத்தடி நீரோடு நகர்ந்து ஆற்றுக்கு வரவே பல வருஷம் ஆகும், சில இடங்களில் பத்தாண்டுகளுக்கும் மேல். இன்றைக்குச் செய்த வேலையின் பலன் தெரிகிற நாளில் திட்ட அலுவலகமே இருக்காது.

அதனால்தான் கீட்டோ நகரத்தின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. ஈக்வடாரில், 2000ஆம் ஆண்டில், நகரத்தின் குடிநீர் நிறுவனமும் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, நீர் வரும் மலைப்பகுதியைக் காக்க ஒரு நீர்நிதியைத் தொடங்கின. தொடக்கப் பணம் வெறும் 21,000 டாலர். ஆனால் பத்திரத்தில் அதன் ஆயுள் 80 ஆண்டு என்று எழுதினார்கள். எண்பது! ஆரம்பத்தில் முதல் பணத்தைத் தொடாமல் வட்டியை மட்டுமே செலவழித்தார்கள். அப்புறம் மின்சார நிறுவனமும் மதுபான ஆலையும் சேர்ந்தன. குடிநீர் நிறுவனம் தன் வருமானத்தில் 2 சதவீதத்தை ஒவ்வொரு ஆண்டும் இதற்குத் தர வேண்டும் என்று 2007இல் நகரச் சட்டமே வந்தது. மலைமேல் இருக்கும் புல்வெளி மண் பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து மெல்ல விடுகிறது. அதைக் காக்கிற காவலர்களுக்குச் சம்பளம் போகிறது பார், அதுதான் எனக்கு முக்கியம்.

நியூயார்க்கையும் பார். குடிநீரை வடிகட்டும் ஆலை கட்டினால் 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கு வந்ததும், மலைப்பகுதியைக் காப்பதே மேல் என்று நகரம் முடிவு செய்தது. மேட்டு விவசாயிகள் முதலில் கொதித்தார்கள், தங்கள் நிலத்துக்கு நகரம் விதி போடுவதா என்று. பிறகு வந்த ஏற்பாட்டில் செலவு நகரத்துடையது, நடத்துவது விவசாயிகளின் குழு, சேர்வது அவரவர் விருப்பம். ஐந்து ஆண்டில் 85 சதவீதம் பேர் சேர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை, அதை நிறைவேற்றிக் காட்டினார்கள். 1997இல் நகரம், மாநிலம், மத்திய அரசின் சூழல் துறை, மேட்டு ஊர்கள் எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. செவ்வாய்க்கிழமை மேட்டு ஊர்ச் சங்கத்துக்காரர் மேஜையைத் தட்டிக் கேட்டதும் இதைத்தான்: "தண்ணீர் உங்களுக்கு, கட்டுப்பாடு மட்டும் எங்களுக்கா?" அவர் கேட்டது நியாயம். பொது நிதி பற்றிய முடிவுகளில் அவர்களுக்கு இரண்டு ஓட்டு கொடுத்தாயிற்று, அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது உன்னிடம் வேலை. வரைவு ஒப்பந்தத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் ஏழாம் பத்தியை மட்டுமாவது படி. கண்காணிப்பும் பராமரிப்பும் 'நிதி நிலைமைக்கு உட்பட்டு' செய்யப்படும் என்கிறது. இந்த மூன்று சொல் இருக்கிறவரை தூர்வாரவும் பணம் வராது, பெரியவருக்கும் சம்பளம் வராது. ஒவ்வொரு ஆண்டும் வாரியத்தின் வருமானத்தில் ஒரு பங்கு முதலில் இதற்கு, மிச்சம்தான் கட்டுமானத்துக்கு என்று மாற்ற வேண்டும். அதைப் பிறகு யாரும் திருத்த முடியாதபடி எப்படி எழுதுவது? சங்கப் பத்திரத்தில் நீ ஒரே ஒரு 'மற்றும்' போட்டு அந்த ஆளை வாயடைக்க வைத்தாயே, அந்த மூளை எனக்கு இப்போது தேவை.

அடுத்த கூட்டம் 18ஆம் தேதி. அதற்குள் எழுது, இல்லையென்றால் கூப்பிடு. இரவு ஒன்பதுக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நேற்றுப் பெரியவர், ஏப்ரலுக்குப் புது நோட்டு வாங்கலாமா என்று கேட்டார். வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்