முதலில் டிஸ்க்கைப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, புதிதாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம், கண்ணு. எது இழுக்கிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதே.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், ஆன் ஆகிப் பத்து நிமிஷம் கழித்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று பார். உன்னுடையதில் அப்படித்தான் இருக்கும். உள்ளே இருப்பது சுழலும் தட்டு; நிமிஷத்துக்கு 5400 சுற்று, அதாவது விநாடிக்கு 90. சிறுசிறு கோப்பாகக் கேட்டால் ஊசி அங்கும் இங்கும் ஓடி, விநாடிக்கு நூறு தடவை எடுத்துக் கொடுப்பதே பெரும்பாடு. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கில் கேட்கிறது. எஸ்எஸ்டி என்பது சிப்பில் எழுதிவைக்கும் டிஸ்க்; அதில் ஊசியும் இல்லை, தட்டும் இல்லை. பழையதற்குப் பதில் அதைத்தான் போடப் போகிறோம்.

மெமரியையும் சேர்த்தே பார். 4 ஜிபி ராம் (அதுதான் மெமரி) நிரம்பிவிட்டால் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிவைக்கும்; அதனாலும் டிஸ்க் 100-ஐத் தொடும். மெமரி பக்கத்திலேயே ராம் செருகும் ஸ்லாட் எத்தனை, எத்தனை காலி என்று போட்டிருக்கும். காலி இருந்தால் இன்னொரு 4 ஜிபி போதும். டிடிஆர்3, டிடிஆர்4 என்பவை ராமின் தலைமுறைகள்; டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்3 ஏறாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. 2666 வேக ராமுக்குப் பக்கத்தில் 2400 வேக ராம் போட்டால் இரண்டும் 2400-இல் ஓடும், தப்பில்லை.

கடையில் 2.5 இன்ச், 7 மில்லிமீட்டர் சாட்டா எஸ்எஸ்டி என்று கேள்; சாட்டா என்பது டிஸ்க்கை இணைக்கும் முறை. பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். சிறு பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டியைக் கடைக்காரர் நீட்டினால் உடனே வாங்காதே. சில எம்.2 ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இ என்ற இன்னொரு இணைப்பு முறையை மட்டும். மாடல் நம்பரை வைத்துப் பார்த்துக்கொள்.

பிரிப்பதற்கு முன் ப்ராஜெக்ட், போட்டோ எல்லாவற்றையும் வெளியே எடுத்துவை. டிஸ்க் கடகட என்று சத்தம் போட்டால் இதை நாளைக்கென்று தள்ளாதே. சி டிரைவ் மேல் பூட்டுப் படம் இருந்தால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை, அதாவது திறக்கும் எண்ணை, தாளில் எழுதிவை. அது இல்லாமல் வேறு கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க் திறக்காது.

ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே ஷட்டவுன் கொடு. அப்போதுதான் முழுசாக அணையும். சார்ஜரைக் கழற்று. ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இருக்காது. ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஓட்டையில் எடுத்தாயோ அங்கேயே ஒவ்வொன்றையும் வை. குட்டையானது இருந்த இடத்தில் நீளமானதை முறுக்கினால், கீபோர்டுப் பக்கம் முட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. டிஸ்க்கின் பட்டை கேபிளை இழுக்காதே, அதன் நுனியிலுள்ள பிளாஸ்டிக்கைப் பிடித்து அசைத்து எடு.

விண்டோஸைப் புதிதாகவே போடு, 8 ஜிபி பென்டிரைவ் போதும். நடுவில் விண்டோஸ் கீ கேட்டால் இல்லை என்று கொடுத்து, முன்பு இருந்த அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைத் தேர்ந்தெடு. ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன மெஷின் என்பதால் நெட் இணைந்ததும் தானே ஆகிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. உன் பிராசசர் இன்டெல் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் 11-ஐயே போடலாம்.

வேகம் கூட்டித் தருகிறேன் என்று வரும் க்ளீனர், பூஸ்டர் எதையும் ஏற்றாதே, அவையே பின்னணியில் ஓடி ராமைத் தின்னும். சிதறிக் கிடக்கும் கோப்புகளை வரிசையாக அடுக்கும் டிஃப்ராக்கும் எஸ்எஸ்டிக்கு வேண்டாம்.

கழற்றிய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு, ஒரு மாசம் ஃபார்மட் செய்யாமல் வை. ஏதாவது கோப்பு விட்டுப்போயிருந்தால் அதில்தான் தேட வேண்டும். பிரிக்கிற அன்றைக்கு வீடியோ காலில் கூப்பிடு, பேட்டரி கனெக்டரை நானும் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா