பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவை

கண்ணா,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். அங்கே இருந்த மூன்று வாரமும் உன் காரில் பின்சீட்டில்தான், சின்னவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ஓட்டுகிறவர் கண்ணுக்குப் படாத பல விஷயம் அங்கிருந்து பார்த்தால் தெரிகிறது. நீ ஓட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னால் கவனம் சிதறும், வீட்டுக்கு வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் குழந்தைகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் வாய் வராது. அதனால் காரில் குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்போது உனக்கு நாலு வயது. நான்தான் ஓட்டினேன், நீ பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் தண்ணீர் பாட்டில் என் சீட்டுக்கு அடியில் உருண்டு காலடிக்கு வந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை. ஒரு இறக்கத்தில் முன்னால் போன லாரி வேகத்தைக் குறைத்தது, நான் பிரேக்கை மிதித்தேன், அது பாதிக்கு மேல் இறங்கவே இல்லை. பாட்டில் அடியில் மாட்டியிருந்தது. எப்படியோ காலால் அதை எத்தித் தள்ளி மறுபடி மிதித்து, லாரிக்கு மிக அருகில் போய் நின்றேன். நீ கண்கூட விழிக்கவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, கை நடுக்கம் நிற்கும்வரை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவைத் தவிர யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து எனக்குக் காரைச் சுத்தமாக வைப்பது என்றால் பளபளப்பு இல்லை. வெளியே சேறு இருந்தால் இருக்கட்டும். உள்ளே எதுவும் உருளக்கூடாது, பறக்கக்கூடாது, குழந்தை வாய்க்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

உன் காரில் பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகைமேல் ஒரு டேப்லெட், ஒரு குடை, முதலுதவிப் பெட்டி. மூன்றும் குழந்தைகளின் தலைக்கு நேர் பின்னால். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற கார் எதிலாவது மோதினால் அரை மீட்டர், அதைவிடக் கொஞ்சம் கூட, அதற்குள் நின்றுவிடும். கட்டிவைக்காத பொருள் நிற்காது, அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் வரும். ஒரு கிலோ சாமான் அந்த நொடியில் இருபது கிலோவுக்கு மேலான பாரம்போல வந்து இடிக்கும். அந்தப் பலகையை இன்றைக்கே காலி பண்ணிவிடு. கனமானதெல்லாம் டிக்கியில், தரையோடு, பின்சீட்டின் முதுகை ஒட்டி இருக்கட்டும், சீட் உயரத்துக்கு மேல் அடுக்காதே. முன்சீட்டின் முதுகில் மாட்டுகிற பை நல்லதுதான், ஆனால் அதில் துணி, டயப்பர், டிஷ்யூ மாதிரி மெத்தென்ற பொருள் மட்டும். விளையாட்டுச் சாமானும் அப்படித்தான், துணிப் பொம்மை வரலாம், அந்த இரும்பு லாரி வீட்டிலேயே இருக்கட்டும். உன் காலடியில் ஒரு காகிதம்கூட வேண்டாம். காலடி விரிப்பைக் கழுவிப் போடும்போது கொக்கியில் மாட்டினாயா என்று பார், பழைய விரிப்புக்கு மேல் புது விரிப்பைப் போடாதே, நகர்ந்துபோய் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்.

அந்த பட்டன் பேட்டரி நினைவிருக்கிறதா? சீட் இடுக்கில் பிஸ்கட் தூளை வழித்தபோது என் கையில் கிடைத்ததே, பாட்டுப் பாடுகிற பொம்மையிலிருந்து விழுந்தது. உன்னிடம் காட்டினேன், வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். அதை ஒரு குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுட்டுப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிதான், காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை. பேட்டரி மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்காத பொம்மை எதையும் காரில் ஏற்றாதே. வாரம் ஒருமுறை குழந்தை இருக்கையைக் கழற்றி, அதற்கு அடியிலும் இடுக்கிலும் வேக்கூம் போடு. நான் பார்த்தவரை அழுக்கும் ஆபத்தும் அங்கேதான் சேர்ந்து கிடக்கின்றன.

அப்புறம் குழந்தை இருக்கையின் வாரை மாட்டுகிற அந்த பக்கிள். ஒருநாள் சின்னவளை உட்காரவைத்து மாட்டினேன், 'கிளிக்' சத்தமே வரவில்லை. இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிட்டது. உள்ளே பிஸ்கட் தூளும் காய்ந்த பாலும். இருக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, வேக்கூமால் உறிஞ்சிய பிறகுதான் சரியாக மாட்டியது. எண்ணெய் கிண்ணெய் விட்டுவிடாதே, தூசி இன்னும் ஒட்டும். அப்படியும் மாட்டவில்லை என்றால் அந்த இருக்கையோடு வந்த புத்தகத்தில் பக்கிளைக் கழுவுகிற முறை போட்டிருப்பார்கள், அதன்படி செய். வாரை வாஷிங் மெஷினில் போடாதே, பிளீச் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம், நூல் வலு இழந்துவிடும். மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உறையைத் துவைக்கலாம், ஆனால் கழற்றுவதற்கு முன்னால் வார் எந்தத் துளை வழியாக எப்படிப் போகிறது என்று போனில் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள், திரும்ப மாட்டும்போது தவறாது.

மாட்டிய பிறகு தோள்பட்டை அருகே வாரை இரண்டு விரலால் மடித்துக் கிள்ளிப் பார். பிடிக்குள் மடிப்பு வந்தால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் இறுக்கு. தடித்த ஜாக்கெட்டோடு மாட்டாதே, மோதலில் பஞ்சு நசுங்கிவிடும், வார் லொடலொடவென்று ஆகிவிடும். முதலில் மாட்டிவிட்டு ஜாக்கெட்டை மேலே போர்த்திவிடு.

சின்னவளை இனி முன்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பிவிடலாமா என்று மருமகள் கேட்டாள், நான் அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. திருப்ப வேண்டாம் என்று சொல். அந்த இருக்கையில் எழுதியிருக்கிற எடையோ உயரமோ எட்டும்வரை பின்பக்கம் பார்த்தே வரட்டும். இந்த வயதில் உடம்புக்குத் தலை கனம், கழுத்து இளசு. முன்னாலிருந்து இடி வந்தால் இருக்கையின் முதுகு தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். கால் மடங்கி இருக்கிறதே என்று நமக்குத்தான் கஷ்டமாக இருக்கும், அவளுக்கு ஒன்றும் இல்லை. பின்பக்கம் பார்க்கிற இருக்கையை ஏர்பேக் வேலைசெய்கிற முன்சீட்டில் எந்தக் காரணத்துக்கும் வைக்காதே. பெரியவளுக்கும் சொல்கிறேன், வயதைப் பார்த்து பூஸ்டரை, அதாவது பெல்ட் சரியாகப் படிய அவளை உயர்த்தி உட்காரவைக்கிற இருக்கையை, எடுத்துவிடாதே. பெல்ட் தோள் நடுவிலும் இடுப்பெலும்பிலும் படிய வேண்டும், கழுத்திலும் வயிற்றிலும் படக்கூடாது. அதற்கு 145 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும்.

பால் கொட்டிய நாற்றம் போகவில்லை என்றாயே, வெந்நீர் ஊற்றினாய் அல்லவா, அதுதான் காரணம். சூடு பட்டால் பாலின் புரதம் துணியோடு இறுகிவிடும். உடனே ஒற்றி எடு, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் திரும்பத் திரும்ப ஒற்று, காய்ந்ததும் பேக்கிங் சோடா தூவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் வேக்கூம் போடு. ஈரத்தோடு காரை மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இனி எழுதுவதற்கு எனக்கே மனசு வரவில்லை, ஆனால் எழுதியே ஆக வேண்டும். வெயிலில் மூடிய கார் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தை உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். ஒரு நிமிட வேலை என்றாலும் தூக்கிக்கொண்டே போ. மறந்துபோவது அன்பில்லாதவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை கண்ணா, தூக்கமில்லாத ஒருநாள், வழக்கமாக மருமகள் கொண்டுபோய் விடுகிற குழந்தையை நீ கொண்டுபோகிற ஒருநாள், அது போதும். ஆபீஸ் பையை தினமும் பின்சீட்டின் காலடியில் வை, குழந்தை இல்லாத நாளிலும் வை. இறங்கினால் பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்று கைக்குப் பழக்கமாகட்டும். வீட்டில் நிற்கும்போதும் காரைப் பூட்டிச் சாவியை உயரத்தில் மாட்டு, ஒளிந்து விளையாட உள்ளே போனால் அவர்களால் வெளியே வர முடியாமல் போகலாம்.

பெரியவளிடம் ஒரு வேலை கொடு. எல்லோருடைய 'கிளிக்' சத்தத்தையும் அவள் எண்ணி "சரி" என்று சொன்ன பிறகுதான் நீ வண்டியை எடுக்க வேண்டும். அவளுக்குப் பிடிக்கும், எண்ணுவதில் கெட்டிக்காரி. அடுத்த தடவை நான் வரும்போது என்னுடையதையும் சேர்த்து எண்ணச் சொல். அதே இடத்தில்தான் உட்காருவேன், இந்த முறை மடியில் வைத்திருந்த அந்தக் கனமான கைப்பையை டிக்கியில் போட்டுவிட்டு.

அம்மா