ஒழுங்கை வெள்ளமும் உன் மதிலும்

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல்நாள் கிடைத்தது. பேத்தியின் படத்தை வீட்டில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். மூக்கு உன் அம்மாவின் மூக்கேதான். நான் நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாரியில் படுத்துகிறது.

“உள்ளூராட்சிச் சபையின் வேலைப்பகுதி என்னதான் செய்கிறது, எங்கள் ஒழுங்கையில் இன்னும் வெள்ளம் நிற்கிறதே” என்று கேட்டிருந்தாய். அதே பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் கேட்கிறோம் என்பதை அறிந்தே கேட்டிருக்கிறாய். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

நம் சனங்களுக்கு வீதி என்றால் அது சபையின் வீதிதான். உண்மையில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. மிச்சமுள்ள ஒழுங்கைகளும் அவற்றின் கான்களுமே, அதாவது ஓர வடிகால்களுமே, சபையின் பொறுப்பு. ஆனால் ஒழுங்கையில் விழும் மழைநீர் இந்தப் பிரிவினையை அறியாது. அது பிரதான வீதியின் மதகைத் தாண்டித்தான் குளத்துக்குப் போகவேண்டும். அந்த மதகில் மண் அடைத்தால் தூர்வாரச் சபைக்கு உரிமையில்லை, கடிதம் எழுதலாம். அப்படி எத்தனையோ கடிதங்களை நானே தயாரித்திருக்கிறேன்.

மேலும், வேலைப்பகுதி என்று நீ சொல்வது பெரிய படை அல்ல. ஒரு மேற்பார்வையாளர், சில தொழிலாளர்கள், ஓர் உழவு இயந்திரம்; மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வேண்டுமென்றால் வாடகைக்குத்தான். தெருவிளக்கு, சந்தைக் கூரை, மயானம், கட்டட அனுமதி எல்லாம் இவர்கள் தலையிலேயே விழும். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து 2025 மே மாதத் தேர்தல் வரை செயலாளரே நிருவாகத்தை நடத்தினார். வேலை நிற்கவில்லை என்றாலும், சண்டை பிடிக்க ஓர் உறுப்பினர் இல்லையே என்று சனங்கள் தவித்ததை நான் கண்டேன்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. விழும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கவேண்டும், அல்லது குளத்தில் தங்கவேண்டும், அல்லது வாய்க்கால் வழியே கடலுக்கோ கடல்நீரேரிக்கோ போய்ச் சேரவேண்டும். ஒக்டோபர் மழையை நிலம் குடித்துவிடும். ஆனால் கார்த்திகை பிறந்து கிணறுகள் வாய் மட்டத்துக்கு நிறைந்துவிட்டால், அதன்பின் விழுவதை நிலம் வாங்காது. அந்த வேளையில் வாய்க்காலைத் தவிர வேறு வழியில்லை. முன்னோர் ஒழுங்கையைத் தாழ்வாகவும் வளவுகளை மேடாகவும் வைத்தது இதனால்தான். மாரியில் ஒழுங்கையே வாய்க்காலாகும், முழங்காலளவு தண்ணீரில் நாம் பள்ளிக்கூடம் போனது உனக்கு மறந்திருக்காது.

நாங்கள் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டோம். பழைய தாரைக் கிண்டி எடுக்காமல் அதன்மேலேயே கல்லும் தாரும், பின்னர் கொங்கிறீட்டும் போட்டுப் போட்டு ஒழுங்கையை உயர்த்தினோம். கிண்டி எடுக்கும் செலவுக்கு மதிப்பீட்டில் இடம் கிடைப்பதில்லை. கொங்கிறீட் போட்டால் திறப்புவிழாவுக்கு ஆள் வரும், கான் வெட்டினால் யார் வருவார்? இப்போது ஒழுங்கை மேடு, வளவு பள்ளம். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது உன் வீட்டுத் திண்ணைப் படியோடு நின்ற தண்ணீர், அதைவிடக் குறைந்த மழையில், 2024 நவம்பரில் கூடத்துக்குள் வந்ததற்குக் காரணம் இதில் பாதி.

மற்றப் பாதியைச் சொல்லத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன். போன கிழமை இப்போதுள்ள இளம் உத்தியோகத்தர் பழைய நில அளவைப் படத்துடன் வந்தார். இருவரும் நாடா பிடித்து அளந்தோம். உன் வளவின் வடக்கு எல்லையோடு மூன்றடி அகல வெள்ளவாய்க்கால் ஒன்று படத்தில் இருக்கிறது, தரையில் இல்லை. நீ காசு அனுப்ப, உன் சார்பில் செயற்படும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தை வைத்திருந்த உன் மைத்துனர் 2012இல் கட்டிய மதில் அதன்மேல்தான் நிற்கிறது. அவரை மட்டும் குறை சொல்லாதே. அந்த மதிலுக்கான அனுமதிக் கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தோம். இடத்தைப் பார்வையிட்டதாகக் கீழே இருப்பது என் கையொப்பம். அன்று நான் படலையோடு நின்று தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியதுதான் நினைவிருக்கிறது. பையன் கோப்பை மூடிவிட்டு ஒன்றும் பேசவில்லை.

சபை அறிவித்தல் கொடுத்து இடிக்கலாம். அது வழக்கென்று இழுபட்டால் இன்னும் எத்தனை மாரி போகுமோ தெரியாது. நீயாக விரும்பி ஒரு சம்மதக் கடிதம் அனுப்பினால், சித்திரைக்குள் மதிலை மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டிவிடலாம். வாய்க்காலைச் சபை வெட்டும், மதகுக்கான கடிதத்தைப் பையன் ஏற்கெனவே அனுப்பிவிட்டார். மதில் செலவில் பாதியை நான் தருகிறேன், மறுக்காதே. மூலையில் நிற்கும் உன் அம்மா வைத்த கறுத்தக் கொழும்பான் மாமரத்துக்குச் சேதம் வராது, அதையும் அளந்து பார்த்துவிட்டேன்.

காணி உறுதியின் பிரதி உன்னிடம் இருந்தால் அதையும் கூடவே அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்