ஆகஸ்ட் 15: படித்துவிட்டுப் புறப்படுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுதந்திர தினம் நெருங்கும்போதெல்லாம் தியாகிகளின் படங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் உங்கள் பத்திரிகையில் தவறாமல் வருகின்றன. அவற்றை நான் கத்தரித்து வைத்துக்கொள்வது வழக்கம். இந்த முறை அதோடு சேர்த்து ஒரு கோரிக்கையும் வைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் வரலாற்றில் ஆர்வமுள்ள சிலர் சேர்ந்து ஆகஸ்ட் 15-ஐப் பயண நாளாகக் கொண்டாடி வருகிறோம். பள்ளி ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்ப்பவர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், எங்கள் வீட்டுப் பிள்ளைகள், இவ்வளவுதான் எங்கள் கூட்டம். ஆடி பிறந்ததும் புத்தகங்களைப் பிரித்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு பகுதி. அன்றைக்குக் கொடியேற்றம் முடிந்து மிட்டாய் வாங்கிய கையோடு வேனில் ஏறிவிடுவோம். எந்த இடத்துக்குப் போகிறோமோ, அந்த இடத்தைப் பற்றிப் படித்தவர் அங்கேயே நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். இது ஒன்றுதான் எங்கள் விதி.

எங்கள் பக்கத்தில் இதற்குத் தோதான ஒரு சுற்று இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சாலையில் கயத்தாறு, கோவில்பட்டி வழியாக எட்டயபுரம், அங்கிருந்து தூத்துக்குடிச் சாலையில் குறுக்குச்சாலை வரை வந்து திரும்பினால் பாஞ்சாலங்குறிச்சி, அப்புறம் ஓட்டப்பிடாரம், கடைசியாக மணியாச்சி. ஒரே பகலில் சுற்றி வந்துவிடலாம். காலவரிசைப்படி போக முடியாது என்பது மட்டும்தான் குறை. 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு முதலில் வந்துவிடும், அவர் ஆண்ட ஊர் மத்தியானத்துக்கு மேல்தான் வரும்.

படிக்காமல் போனால் பாஞ்சாலங்குறிச்சியில் என்ன தெரியும்? அங்கே இப்போது நிற்கும் கோட்டை 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுச்சின்னம். உள்ளே சுவரோவியங்கள் இருக்கின்றன, பக்கத்தில் ஜக்கம்மாள் கோயில் இருக்கிறது. வருகிறவர்கள் சிலையருகே நின்று படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? உண்மையான கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தரைமட்டமாக்கிவிட்டது. அரண்மனை இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

ஆனால் 1801-இல் அதே கோட்டையைத் தாக்க வந்த படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி, தன் நினைவுகளை 1830-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அந்தக் கரிசல் மண்ணில் நின்று பாருங்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார். எங்கள் ஊரிலிருந்து! இடித்துத் தள்ளப்பட்டிருந்த மண்கோட்டை, ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுந்து நிற்கிறது. பின்னாலேயே வந்த கம்பெனிப் படை அதைப் பார்த்துத் திகைத்துப்போகிறது. சுமார் 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உள்ள மண்சுவர்தான். அதைப் பிடிக்க மார்ச் 31-இல் நடந்த தாக்குதல் தோற்றுப்போய், மேலும் படைகளும் பீரங்கிகளும் வந்து, மே 24-இல்தான் கோட்டை வீழ்ந்தது. அடித்தளத்தின் ஓரமாக நடந்து அந்த அளவை நாங்கள் மனத்துக்குள் போட்டுப் பார்த்தோம். இவ்வளவு சின்ன இடமா இத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வெல்ஷ் சொல்லும் இன்னொரு செய்தியை வாசிக்கும்போது எங்களில் ஒருவருக்கும் குரல் சரியாக எழும்பவில்லை. போர் முடிந்த களத்தில் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைத் தேடுகிறார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். உயிர் இருக்கிறது. அவனோ, என்னை விட்டுவிடு, பக்கத்தில் அடிபட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். அவன் காட்டியது ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் தூக்கிச் செல்கிறார்கள். தேடிக்கொண்டு, கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்தார் வந்தபோது உடம்பின் மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்துபோனவன் என்று ஒப்பாரி வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பெண்களின் பெயர் எதுவும் புத்தகத்தில் இல்லை. எதிரிப் படையில் இருந்தவர் எழுதி வைத்ததால்தான் இந்த அளவாவது நமக்குக் கிடைத்தது. ஊமைத்துரையைப் பற்றி வெல்ஷ் எழுதும் பக்கங்களில் அவர்மீது அவருக்கு இருந்த மதிப்பு மறைவில்லாமல் தெரிகிறது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டபொம்மன் என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது சினிமா வசனம். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான், அதன்மேல் எனக்கு அன்பு உண்டு. கயத்தாற்றில் இடம் வாங்கிச் சிலை வைத்தவர் சிவாஜி கணேசன் என்பதை அங்கே போகும்போதெல்லாம் நன்றியோடு சொல்லிக்கொள்வோம். ஆனால் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் நடந்த சந்திப்பைப் பற்றிக் கம்பெனியே விசாரணை நடத்தியது, அதன் பிறகு ஜாக்சன் பதவி இழந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைக் கிராமங்கள் தொடர்பாக முன்பே தகராறு இருந்தது, அதைக் கம்பெனி நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது என்பதும் படித்தால்தான் விளங்கும். கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாறும், பேராசிரியர் கே. ராஜய்யன் 1800, 1801 கிளர்ச்சியைப் பற்றி எழுதிய நூலும் இதற்கு எங்களுக்குப் பெரிய துணை. பழைய நூல்கள் கிடைக்காது என்று இப்போது யாரும் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவ்வளவோ நூல்களை இலவசமாகப் படிக்கலாம்.

எட்டயபுரத்தைப் பகைவர் ஊர் என்று நினைத்துக்கொண்டு வந்த எங்கள் பிள்ளைகள், அதே ஊரில் 1882-இல் பிறந்த பாரதியின் வீட்டு வாசலில் நின்றபோது குழம்பித்தான் போனார்கள். குழம்பட்டும், நல்லதுதான். உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அதே ஊர். முத்துசாமி தீட்சிதர் தம் கடைசி நாட்களைக் கழித்ததும் அங்கேதான். கல்கி முன்னின்று மக்களிடம் நிதி திரட்டிக் கட்டிய பாரதி மணிமண்டபம், சுதந்திரம் கிடைத்த அதே 1947-இல் திறக்கப்பட்டது. அங்கே ஆளுக்கொரு பாரதி பாட்டு சொல்ல வேண்டும். சின்னவர்களே முந்திக்கொள்வார்கள்.

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்திலேயே ஓட்டப்பிடாரம். வ.உ.சி. பிறந்த வீடு இப்போது நினைவில்லம். அங்கே அவருடைய சுயசரிதையைத்தான் வாசிப்போம். சிறு வயதில் ஆடிய விளையாட்டுகளையும் பெரியவர்களிடம் கேட்ட கதைகளையும் அவர் செய்யுளாகவே எழுதியிருக்கிறார். கோவைச் சிறையில் செக்கிழுத்த மனிதர் இதே தெருக்களில் ஓடி விளையாடிய பையன் என்பது, அந்த ஊரில் வைத்து வாசிக்கும்போது தனியாக உறைக்கிறது. கூட வந்த ஒரு மாணவி இன்னொன்றைக் கண்டுபிடித்துச் சொன்னாள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் மேல் கம்பெனிப் படைத் தளபதி பானர்மேன் முதல் தாக்குதல் நடத்தியது 1799 செப்டம்பர் 5, வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. தற்செயல்தான். ஆனாலும் இந்தத் தேதிகளை அந்தப் பெண் இனி மறக்க மாட்டாள்.

மணியாச்சியில் விவாதம் இல்லாமல் நாங்கள் திரும்பியதே இல்லை. 1911 ஜூன் 17-இல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட ரயில் நிலையம் அது. அவருடைய சட்டைப்பையில் இருந்த கடிதத்தை முழுதாகப் படித்தால் தேசப்பற்றோடு சனாதன தர்மம் பற்றிய வரிகளும் வருகின்றன. எங்கள் கூட்டத்திலேயே அதை ஏற்பவர்களும் உண்டு, கடுமையாக மறுப்பவர்களும் உண்டு. நடைமேடையில் நின்று பேசித் தீர்கிற விஷயமா அது? ஆனாலும் முழுக்கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டிருக்கிறோம்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். ஜூலை மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மாவட்டத்துக்கு ஒரு பயண வழியை உங்கள் பத்திரிகை வெளியிட வேண்டும். எந்த ஊர், அங்கே என்ன நடந்தது, போவதற்கு முன் எதைப் படிக்கலாம், எந்தப் பேருந்தில் போகலாம் என்ற விவரங்கள் போதும். வேலூர்க் கோட்டை, வேதாரண்யம், சிவகங்கை, திருப்பூர் என்று சொல்லிக்கொண்டே போகலாம், நம்மிடம் இடத்துக்கா பஞ்சம்? சொந்த வண்டி இல்லாதவர்களும் போகும்படி எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். ஆகஸ்ட் 15 அன்று நூலகங்களுக்கு விடுமுறை என்பதால், புத்தகங்களை முன்னதாகவே எடுத்துவிடும்படி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நினைவிடங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். தேசிய விடுமுறை நாட்களில் கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு முறை, வெகுதூரம் போன பிறகு பூட்டைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்று வாசித்துவிட்டு வந்தோம். காவலுக்கு இருப்பவருக்கும் விடுமுறை வேண்டும்தான், நியாயம். அவர் அடுத்த நாள் எடுத்துக்கொள்ளட்டும். மற்ற எந்த நாளைக் காட்டிலும் அந்த ஒரு நாளில்தான் குடும்பத்தோடு வர எல்லோருக்கும் ஓய்வு கிடைக்கிறது. அப்படியே, உள்ளே வைத்திருக்கும் பலகைகளில் தேதிகளையும் அந்தச் செய்தி எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பதையும் எழுதி வைத்தால், வரும் மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே தேடிப் படிப்பார்கள்.

வருகிற ஜனவரி 26-க்குக் காளையார்கோயிலும், 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூரும் போவதாக இருக்கிறோம். சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிகருவியை வீசவும் கற்றுக்கொடுத்ததை வெல்ஷ் எழுதியிருக்கிறார். சின்ன மருதுவின் மகன் துரைசாமி பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு வெல்ஷ் அவரை அங்கே சந்தித்ததும் அதே நூலில் வருகிறது. அந்தப் பகுதியை இந்த முறை நான் வாசிக்கிறேன். சிவகங்கைச் சீமை வாசகர்கள் யாராவது அந்தப் பக்கத்து இடங்களைப் பற்றியும் படிக்க வேண்டிய நூல்களைப் பற்றியும் உங்கள் கடிதப் பகுதியில் எழுதினால் நன்றியோடு குறித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை