அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில்: அலமோ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

அலமோ நினைவிடத்தை நிர்வகிப்பவர்களுக்கு,

வணக்கம். டெக்சஸில் குடியிருக்கும் தமிழன் நான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அலமோவைக் காட்ட சான் அந்தோனியோவுக்குக் கூட்டி வருவது எங்கள் வீட்டு வழக்கம். டிராவிஸ் யார் என்று கேட்டால், "1836இல் மெக்சிகோ படை முற்றுகையிட்டபோது 13 நாள் இந்த அலமோ கோட்டையைக் காத்து, 26 வயதில் செத்துப்போன டெக்சஸ் தளபதி" என்று முடித்துவிடுவேன். புதிய அருங்காட்சியகத்தில் அந்தத் தளபதிக்கு எப்படியும் பெரிய இடம் இருக்கும். அதற்கு முன்னால் அவர் வக்கீல். வக்கீலுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்.

அலபாமாவின் கிளைபோர்னில் வக்கீல் தொழில், கூடவே ஒரு பத்திரிகை. இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டு கடனாளியானார் வில்லியம் பாரெட் டிராவிஸ். மனைவியையும் சின்ன மகனையும் விட்டுவிட்டு 1831இல், அப்போது மெக்சிகோவின் பகுதியாக இருந்த டெக்சஸுக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்கர்கள் இனிக் குடியேறக் கூடாது என்று மெக்சிகோ அதற்கு முந்தைய ஆண்டுதான் சட்டம் போட்டிருந்தது. சட்டம் படித்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அனஹுவாக் துறைமுகத்தில் அவர் எடுத்த வழக்கைத்தான் விரிவாகக் காட்டச் சொல்கிறேன். லூசியானாவிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்கு அங்கிருந்த மெக்சிகோ படைத் தளபதி ஹுவான் பிராட்பர்ன் அடைக்கலம் கொடுத்தார். மெக்சிகோ 1829இலேயே அடிமை முறையை ஒழித்திருந்தது. டெக்சஸுக்கு மட்டும் விலக்கு. அடிமைகளை மீட்டுத் தரும்படி உரிமையாளர் டிராவிஸை அமர்த்தினார். பிராட்பர்ன் மசியவில்லை. அப்புறம், லூசியானாவிலிருந்து ஆயுதக் கூட்டம் வருகிறது என்று ஒரு பொய்ச் சீட்டு காவலர் கைக்குப் போனது. சந்தேகம் டிராவிஸ் மேல் விழ, 1832 மே மாதம் அவரைப் பிடித்துக் கடைசியில் செங்கல் சூளைக்குள் அடைத்தார்கள். குடியேறியவர்கள் துப்பாக்கியோடு திரண்டார்கள். மெக்சிகோவுக்கு எதிரான டெக்சஸ் கலகத்தின் முதல் பொறிகளில் ஒன்று இதுதான். எத்தனை பேருக்குத் தெரியும்?

கூட இருந்து சாகத் துணிந்தவர்கள் தாண்டி வாருங்கள் என்று டிராவிஸ் மணலில் வாளால் கோடு கிழித்த கதை மட்டும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அது அச்சில் வந்ததே 1873இல், 37 ஆண்டு கழித்து. தயவுசெய்து அதற்குச் சுவரை வீணாக்காதீர்கள்.

முற்றுகைக்குள்ளிருந்து உதவி கேட்டு டிராவிஸ் எழுதிய 1836 பிப்ரவரி 24ஆம் தேதிக் கடிதத்தில் எனக்கும் மயக்கம் உண்டு. "வெற்றி அல்லது மரணம்" என்று எழுதி மூன்று முறை அடிக்கோடு இட்டிருக்கிறார். அதற்குக் கீழே ஒரு பின்குறிப்பு: எதிரி கண்ணில் பட்டபோது மூன்று புஷல் (தானியம் அளக்கும் அளவு) சோளம்கூட இல்லை, ஆளில்லாத வீடுகளில் 80, 90 புஷல் கிடைத்தது, 20, 30 மாடுகளை மதிலுக்குள் ஓட்டி வந்தோம். சாவைப் பற்றி எழுதிய கையோடு சோளக் கணக்கு! மார்ச் 3ஆம் தேதி இன்னொரு கடிதத்தில், தன் சின்னப் பையனைப் பார்த்துக்கொள்ளும்படி நண்பரிடம் கேட்கிறார். மூன்றே நாளில் கோட்டை விழுந்தது.

அன்று விடியுமுன் வடக்கு மதிலுக்கு ஓடிய டிராவிஸோடு கூடவே ஓடியவர் ஜோ. டிராவிஸின் அடிமை. எஜமான் சுடப்பட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர், உயிர் தப்பியவர். டெக்சஸ் அமைச்சரவை முன் நடந்ததைச் சொன்னவரும் அவரே. டிராவிஸ் எப்படிச் செத்தார் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஜோ சொன்னதுதான். சொல்லி முடித்த சாட்சியை என்ன செய்தார்கள்? டிராவிஸ் விட்டுச்சென்ற சொத்துக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மெக்சிகோவிலிருந்து பிரிந்த டெக்சஸ் குடியரசின் அரசமைப்புச் சட்டமும் அடிமைச் சொத்தைப் பத்திரமாகக் காப்பாற்றியது.

1837 ஏப்ரல் 21, மெக்சிகோ படையை டெக்சஸ் தோற்கடித்த சான் ஹசிந்தோ வெற்றியின் முதலாம் ஆண்டு நாள். அன்று ஒரு மெக்சிகோக்காரரோடும் இரண்டு குதிரைகளோடும் ஜோ தப்பிப் போனார். பிடித்துத் தருவோருக்கு 50 டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அலமோவில் எஜமானோடு இருந்தவன் என்று அடையாளமும் அதிலேயே சொல்லியிருந்தார்கள்.

பிப்ரவரி 24 கடிதத்தின் அசல் ஆஸ்டினில் மாநில நூலகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2013இல் சில நாள் அலமோவுக்கு வந்து போனது. நகலையாவது நீங்கள் பெரிதாக வைப்பீர்கள். சரி, வையுங்கள். பக்கத்திலேயே அந்த 50 டாலர் விளம்பரத்தையும் அதே அளவில், அதே உயரத்தில் மாட்டுங்கள். கீழே எங்கேயோ வைத்துக் குனிந்து படிக்க விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
விருந்தாளிகளோடு மறுபடி வரப்போகும் ஒருவன்